படத்தில் மட்டும் இருக்கும் வளையம்: சி.டி. ஸ்கேனரை ஏன், எப்படி கேலிபரேட் செய்கிறார்கள்?

மூளையின் சி.டி. படம் ஒன்றில், நட்ட நடுவை மையமாகக் கொண்டு மெல்லிய சாம்பல் நிற வட்டம் ஒன்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சமும் கோணல் இல்லாத சுத்தமான வட்டம். மண்டைக்குள் எந்த நோயும் அப்படி வளராது. அடுத்த நோயாளியைப் படுக்கவைத்து எடுத்தாலும் அதே வட்டம் அதே இடத்தில் வருகிறது. அப்படியானால் கோளாறு நோயாளியிடம் இல்லை, இயந்திரத்தில் இருக்கிறது. இப்படி உடம்பில் இல்லாமல் படத்தில் மட்டும் தோன்றுவதைத்தான் ஆர்ட்டிஃபாக்ட் என்கிறார்கள்.

வட்டம், கோடு, நிழல் என்று கண்ணில் படுகிற ஆர்ட்டிஃபாக்ட் ஒருவகையில் நல்லது. பார்த்த உடனே சந்தேகம் வந்துவிடும். பயப்பட வேண்டியது கண்ணில் படாத வகைக்குத்தான். படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் எண்கள் ஐந்தோ எட்டோ தள்ளிப்போயிருக்கும். பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. இந்த இரண்டு வகையையும் குறைப்பதற்கு இயந்திரத்துக்குச் செய்யும் அளவுத்திருத்தம்தான் கேலிபரேஷன். சி.டி.யை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன், அதில்தான் விஷயம் நன்றாகப் பிடிபடும். எம்.ஆர்.ஐ. முதலானவற்றைக் கடைசியில் கொஞ்சம் பார்க்கலாம்.

இயந்திரம் எதை அளக்கிறது?

சி.டி. ஸ்கேனரின் வட்டமான கூட்டுக்கு கேன்ட்ரி என்று பெயர். அதற்குள் ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாய், நேர் எதிரே, வந்து சேரும் எக்ஸ்ரேயை உணரும் டிடெக்டர்கள் வில்லாக வளைந்த வரிசையில். இரண்டும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டு நோயாளியைச் சுற்றி வருகின்றன. ஒரு சுற்றுக்கு அரை நொடி, சில இயந்திரங்களில் அதற்கும் குறைவு. ஒரு வரிசையில் சுமார் 900 டிடெக்டர்கள் இருக்கும். ஒரு சுற்றில் ஏறக்குறைய ஆயிரம் கோணங்களில் அளவெடுக்கும். ஒரு வரிசைக்கே ஒன்பது லட்சம் அளவுகள் ஆயிற்று. அவற்றை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்ற படம் உருவாகிறது.

இதில் ஒரு சங்கதியை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிடெக்டர் உடம்பை அளப்பதில்லை. உடம்பைத் தாண்டி எவ்வளவு எக்ஸ்ரே வந்து சேர்ந்தது என்பதை மட்டுமே அளக்கிறது. வழியில் எவ்வளவு குறைந்தது என்று தெரிய வேண்டுமானால், எதுவுமே குறுக்கே இல்லாதபோது எவ்வளவு வந்திருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, அப்புறம் பொருளைப் போடுகிறோம் அல்லவா, அதே கதைதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே தராசு ஒன்றல்ல. 64 வரிசை இயந்திரம் என்றால் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன டிடெக்டர்கள் இருக்கும். ஒன்றின் உணர்திறன் இன்னொன்றைப் போல இருக்காது. போதாக்குறைக்கு, சூடேறினால் மாறும், வயதானால் மாறும்.

ஆகவே கேலிபரேஷன் என்பது, சுருக்கமாக, இயந்திரத்துக்கு இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொடுப்பது: வெறுமை எப்படி இருக்கும், தண்ணீர் எப்படி இருக்கும். மற்ற எல்லாவற்றையும் இந்த இரண்டோடு ஒப்பிட்டுத்தான் அது சொல்கிறது. கற்றுக்கொடுத்ததில் பிழை இருந்தால், அதற்குப் பிறகு எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அந்தப் பிழை உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் பூஜ்யம், காற்று மைனஸ் ஆயிரம்

சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஓர் எண் உண்டு. இந்த இயந்திரத்தை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அதை ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று சொல்கிறோம். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100-ஐ ஒட்டி இருக்கும். கெட்டியான எலும்பு பல நூறுகளைத் தாண்டும். ஓர் அலகு என்பது, தண்ணீர் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறதோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிய விஷயமா என்று தோன்றலாம். மூளையின் சாம்பல் பொருளுக்கும் வெண்பொருளுக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய பத்து அலகுதான். ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்த ஆரம்ப மணி நேரங்களில் அந்தச் சின்ன வித்தியாசம் மங்கிப்போவதுதான் மருத்துவர் தேடும் அடையாளங்களில் ஒன்று. அதே இடத்தில் இயந்திரம் தன் பங்குக்கு நாலைந்து அலகைக் கூட்டியோ குறைத்தோ காட்டினால் எப்படி?

இன்னொரு உதாரணம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு சின்னக் கட்டி தற்செயலாகக் கண்ணில் படுகிறது. படத்தில் சில பகுதிகளைத் தூக்கிக்காட்ட ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமல் எடுத்த படத்தில் அதன் எண் 10 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், கொழுப்பு நிறைந்த தீங்கற்ற கட்டியாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேலே போனால் கூடுதல் சோதனைகள். உண்மையில் 7 இருக்க வேண்டிய கட்டியை இயந்திரம் 13 என்று காட்டினால், ஒன்றுமில்லாததற்கு அந்த மனிதர் இன்னொரு ஸ்கேனுக்கு வர வேண்டியிருக்கும். இதயக் குழாய்களில் கால்சியம் எவ்வளவு படிந்திருக்கிறது என்று கணக்கிடும் முறையும் இப்படித்தான், 130 அலகைத் தொட்டால்தான் கால்சியம் என்று எண்ணத் தொடங்கும். புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சையில் எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் போய்ச் சேரும் என்ற கணக்கே சி.டி. எண்களிலிருந்துதான் தொடங்குகிறது. இவை எல்லாவற்றிலும் படத்தின் அழகைவிட எண்தான் முக்கியம்.

குழாயைச் சூடாக்குவதும் இருட்டைப் படிப்பதும்

காலையில் இயந்திரத்தைப் போட்டதும் முதல் வேலை வார்ம்-அப். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த எக்ஸ்ரே குழாயில் திடீரென்று முழு சக்தியைக் கொடுத்தால் உள்ளே சுழலும் ஆனோடு தட்டு விரிசல் விடலாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுகிறார்கள். இது குழாயைக் காப்பாற்றுவதற்கு மட்டுமல்ல. சூடேறும்போது எக்ஸ்ரே புறப்படும் புள்ளியே லேசாக நகரும். ஜில்லென்று இருக்கும்போது கேலிபரேட் செய்துவிட்டுச் சூடான பிறகு நோயாளியை ஸ்கேன் செய்தால், கற்றுக்கொடுத்தது ஒரு நிலை, வேலை செய்வது வேறு நிலை என்று ஆகிவிடும்.

அடுத்தது, எக்ஸ்ரேயே இல்லாமல் ஓர் அளவு. டிடெக்டரில் எக்ஸ்ரே பட்டால் ஒளிவிடும் பொருள் ஒன்றும், அந்த ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஃபோட்டோடையோடு ஒன்றும் இருக்கும். எக்ஸ்ரே துளியும் இல்லாதபோதும் அதிலிருந்து கொஞ்சம் மின்னோட்டம் கசிந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கசிவை அளந்து வைத்துக்கொண்டு, பின்னால் எடுக்கும் ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்துவிடுவார்கள்.

இந்தத் துளிக் கசிவுக்கு ஏன் இத்தனை கவலை? கணக்கைப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் தண்ணீரைக் கடந்து வருவது அனுப்பிய எக்ஸ்ரேயில் சுமார் நூற்றில் இரண்டு பங்குதான். 40 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பருமனான ஒருவரின் இடுப்புப் பகுதியில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் கதிரில் டிடெக்டருக்கு வந்து சேர்வது அவ்வளவுதான். அத்தனை சின்னச் சிக்னலில் கசிவைச் சரியாகக் கழிக்காவிட்டால், அந்தத் திசையில் மட்டும் கோடு கோடாகப் படம் கெடும். காற்றில் பிழையாகவே தெரியாத ஒன்று, தடித்த உடம்பில் பூதாகரமாகிவிடும்.

காற்றுக் கேலிபரேஷன், வளையத்தின் பிறப்பிடம்

இப்போது மேசையை வெளியே இழுத்துவிட்டு, கேன்ட்ரிக்குள் எதுவும் இல்லாமல் ஸ்கேன் செய்கிறார்கள். வெறும் காற்று. இதில் ஒவ்வொரு டிடெக்டருக்கும் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் அந்த டிடெக்டருக்கான தொடக்க அளவு. எல்லாவற்றுக்கும் ஒரே எண் வராது. குழாயின் வாயில், ஓரங்களில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் செய்த ஒரு வடிகட்டி இருக்கிறது; உடம்பின் ஓரப் பகுதிக்குத் தேவையில்லாமல் அதிகக் கதிர் போகாமல் அது தடுக்கும். ஆகவே ஓர டிடெக்டர்களுக்குக் காற்றிலேயே குறைவாகத்தான் வரும். தலைக்கு ஒரு வடிகட்டி, உடலுக்கு ஒன்று. 80, 100, 120, 140 கிலோவோல்ட் என்று மின்னழுத்தம் வேறு. ஒவ்வொரு கூட்டணிக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டும். காற்றுக் கேலிபரேஷனில் இயந்திரம் பல தடவை சுற்றிக்கொண்டிருப்பது அதனால்தான்.

இந்தப் பட்டியலில் ஒரே ஒரு டிடெக்டரின் கணக்கு தப்பினாலும் வளையம் வரும். ஏன் புள்ளியோ கோடோ வராமல் வளையம்? குழாயும் டிடெக்டரும் ஒன்றாகச் சுற்றுவதால், குறிப்பிட்ட ஒரு டிடெக்டர் பார்க்கும் கோடு எப்போதும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில்தான் இருக்கும். மையத்துக்கு 5 சென்டிமீட்டர் தள்ளிப் போகும் கோட்டைப் பார்க்கும் டிடெக்டர், எந்தக் கோணத்துக்குச் சுற்றினாலும் 5 சென்டிமீட்டர் தள்ளிய கோட்டையே பார்க்கும். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றிலும் தொட்டபடி போகும் நேர்கோடுகளை வரைந்து பாருங்கள். எல்லாக் கோடுகளும் நெருங்கிச் சேர்வது வட்டத்தின் விளிம்பில்தான். அந்தக் கோடுகள் அத்தனையிலும் ஒரே பிழை இருந்தால் அது விளிம்பில் திரண்டு வளையமாகத் தெரியும். நடு டிடெக்டர்களில் பிழை வந்தால் இன்னும் மோசம். வட்டம் சின்னது, எனவே பிழை முழுவதும் சின்ன இடத்தில் குவிந்து அழுத்தமாகத் தெரியும். ஓரத்துக்குப் போகப்போக மங்கும்.

இந்த வளையத் தொல்லை வராத வடிவமைப்பும் ஒரு காலத்தில் இருந்தது. நான்காம் தலைமுறை என்று சொல்லப்பட்ட இயந்திரங்களில் டிடெக்டர்கள் முழு வட்டமாக அசையாமல் நிற்கும், குழாய் மட்டும் சுற்றும். ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் நோயாளிக்கு வெளியே இருக்கும் காற்றைப் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைப்பதால், தன்னைத் தானே திருத்திக்கொள்ள முடிந்தது. ஆனால் சிதறி வரும் எக்ஸ்ரேயைத் தடுப்பது அதில் கஷ்டம், டிடெக்டர்களும் ஏராளமாக வேண்டும். கடைசியில், குழாயும் டிடெக்டரும் சேர்ந்து சுற்றும் மூன்றாம் தலைமுறை வடிவமே நிலைத்தது. வளையத்தைத் தவிர்க்கும் பொறுப்பு வடிவமைப்பிலிருந்து தினசரிக் கேலிபரேஷனுக்குக் கைமாறியது என்று சொல்லலாம்.

சரி, வெறுமையைக் கற்றுக்கொடுக்கிறோம் என்றால் அங்கே உண்மையிலேயே ஒன்றும் இருக்கக் கூடாது. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது, தவறுவது இங்கேதான். கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் இருக்கிறது. எக்ஸ்ரேயை நன்றாகத் தடுக்கக்கூடியது. ஊசிக்குழாயை மாட்டும்போதோ கழற்றும்போதோ ஒரு துளி தெறித்து, கேன்ட்ரியின் உள்வட்டத்தை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜன்னலில் விழுந்து காய்ந்துவிடுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் பிசுபிசுப்பாக ஒரு கறை, அவ்வளவுதான். அந்த ஜன்னல் சுழலாமல் நிற்பதால், கறை படத்தில் கோடாகவோ விளக்கம் சொல்ல முடியாத நிழலாகவோ வரும். இடுக்கு வழியாக உள்ளே இறங்கிச் சுழலும் பகுதியில், டிடெக்டருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டால் வளையம்.

அந்தக் கறை இருக்கும்போதே காற்றுக் கேலிபரேஷன் செய்துவிட்டால்தான் வேடிக்கை. கறைக்குப் பின்னால் இருக்கும் டிடெக்டருக்குக் குறைவாக வருவதே இயல்பு என்று இயந்திரம் எழுதி வைத்துக்கொள்ளும். படத்தில் வளையம் மறைந்துபோகும். பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். பிற்பாடு யாரோ அக்கறையாகத் துடைத்துவிடுவார்கள். இப்போது அந்த டிடெக்டருக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் வருகிறது, எனவே அந்த வழியில் தடை குறைவு என்று இயந்திரம் கணக்கிடுகிறது. முன்பு வெள்ளையாக இருந்த இடத்தில் கறுப்பு வளையம் முளைக்கும். துடைத்ததால் கோளாறு வந்தது போலத் தோன்றும்! அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் துடைக்க வேண்டும், அப்புறம் கேலிபரேட் செய்ய வேண்டும். மேசையில் மறந்துபோன தலையணை, தொங்கும் போர்வை நுனி, எல்லாவற்றுக்கும் இதே விதி.

தண்ணீர் பாடம்

காற்றோடு முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் எக்ஸ்ரே ஒரே ஆற்றல் கொண்டதல்ல. 120 கிலோவோல்ட் என்று அமைத்தால், குறைந்த ஆற்றலிலிருந்து 120 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை எல்லாம் கலந்த கதம்பம்தான் வெளியே வரும். உடம்புக்குள் நுழைந்ததும் பலவீனமானவை முதலில் உறிஞ்சப்படும். மிஞ்சி வருபவை எல்லாம் வலுவானவை, சுலபமாக ஊடுருவிப் போகக்கூடியவை. இதைத்தான் கற்றை கடினமாவது என்கிறார்கள். விளைவு என்ன? ஒரே சீரான தண்ணீர் உருளையை ஸ்கேன் செய்தால், நடுவழியாகப் போகும் கதிர்கள் அதிகத் தண்ணீரைக் கடப்பதால் அதிகம் கடினமாகி, நடுப்பகுதி அடர்த்தி குறைந்தது போலத் தெரியும். ஓரம் வெளுத்தும் நடு கறுத்தும் ஒரு குழிவு.

இதைச் சரிசெய்ய, தெரிந்த தடிமன் கொண்ட தண்ணீரையோ தண்ணீருக்கு நிகரான பொருளையோ ஸ்கேன் செய்து, 'இவ்வளவு குறைந்திருந்தால் உண்மையில் இவ்வளவு தண்ணீர்' என்ற திருத்தக் கணக்கை உண்டாக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள். மென் திசுக்கள் கிட்டத்தட்டத் தண்ணீரைப் போலவே நடந்துகொள்வதால் இது அருமையாக வேலை செய்கிறது. எலும்பு அப்படி இல்லை. இரண்டு காதுகளுக்கும் உட்புறமாக இருக்கும் கெட்டியான இரண்டு எலும்புகளுக்கு நடுவே, மூளைத்தண்டின் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை விழுவது தலை சி.டி. பார்ப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான காட்சி. தண்ணீர்த் திருத்தத்தால் அதை முழுக்கப் போக்க முடியாது. எலும்புக்கென்று தனித் திருத்தக் கணக்கு வேண்டும்.

ஹவுன்ஸ்ஃபீல்ட் இந்தச் சிக்கலை ஆரம்பத்திலேயே வேறு மாதிரி கையாண்டார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்த அந்த இயந்திரத்தில், தலையைச் சுற்றி ஒரு தண்ணீர்ப் பெட்டி இருந்தது. ரப்பர் உறைக்குள் தலையை நுழைத்துக்கொள்ள வேண்டும், மறுபக்கம் தண்ணீர். எந்தப் பாதையில் போனாலும் கதிர் கடக்கும் மொத்தத் தடிமன் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஆகவே கடினமாவதும் எல்லா வழியிலும் ஒரே மாதிரி. 80-க்கு 80 புள்ளிகள் கொண்ட, இன்று பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும் படம்தான் அதில் வந்தது. ஆனாலும் அந்தப் பெட்டியின் யோசனை எனக்குப் பிடித்தமானது: திருத்தத்தைக் கணினியில் போடாமல் நோயாளியைச் சுற்றியே ஊற்றி வைத்துவிட்டார். ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், கணிதத்தைத் தனியாக வகுத்த ஆலன் கார்மக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது.

திருத்துவது வேறு, சோதிப்பது வேறு

புதிதாக வருபவர்கள் குழப்பிக்கொள்வது இங்கே. கேலிபரேஷன் இயந்திரத்தின் உள்கணக்கை மாற்றுகிறது. தரச் சோதனை எதையும் மாற்றாது. அளந்து சொல்வது மட்டுமே அதன் வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால், திருத்தம் சரியா தப்பா என்று சொல்ல ஆளே இல்லை.

தினசரிச் சோதனைக்குப் பயன்படுவது ஃபேண்டம் என்னும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளை, பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் விட்டம். மேசை முனையில் அதற்கான கொக்கியில் மாட்டி, லேசர் கோடுகள் உருளையின் மேல் போட்டிருக்கும் குறிகளோடு பொருந்தும்வரை உயரத்தையும் இடவலத்தையும் சரிசெய்கிறார்கள். ஒரு ஸ்கேன். திரையில் சாம்பல் நிற வட்டு ஒன்று வரும். அதன் நடுவில் ஒரு சின்ன வட்டம் வரைந்து சராசரி எண்ணைப் பார்க்க வேண்டும். 0 வர வேண்டும், ஐந்துக்குள் கூடக்குறைய இருந்தால் பொதுவாகச் சரி. அப்புறம் கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில், ஓரமாக நான்கு வட்டங்கள். இவை நடுவோடு ஐந்து அலகுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஓரம் எல்லாம் சேர்ந்து உயர்ந்திருந்தால் குழிவு திரும்புகிறது என்று அர்த்தம், தண்ணீர்த் திருத்தத்தைச் சந்தேகிக்கலாம். 12 மணி இடத்தில் மட்டும் எண் சரிந்திருந்தால் இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன் உருளையைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகி உள்ளே காற்றுக்குமிழி சேர்ந்திருக்கும். குமிழி மேலேதானே போகும்.

வளையம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் திரையின் மாறுபாட்டைக் கூட்டி, குறுகிய எண் வரம்பில் பார்க்க வேண்டும். எலும்பு பார்க்கும் அமைப்பில் வைத்துவிட்டு வளையம் இல்லை என்று கையெழுத்துப் போடுவதில் பயனில்லை.

எண்களை எழுதி வைப்பதில் சோம்பல் கூடாது. இன்றைய 3 என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. போன வாரம் 0, அப்புறம் 1, இன்று 3 என்றால், வரம்புக்குள் இருந்தாலும் ஏதோ நகர்கிறது. என் பார்வையில், தேர்ச்சி என்று டிக் அடிப்பதைவிட இந்த நகர்வைக் கவனிப்பதுதான் மொத்தச் சோதனையின் பிரயோஜனமே.

இன்னொன்று, மையம். எல்லாத் திருத்தமும் பொருள் சுழற்சியின் மையத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போடப்பட்டவை. மேசையைச் சில சென்டிமீட்டர் தாழ்வாக வைத்து நோயாளியை ஸ்கேன் செய்தால், வடிகட்டியின் மெல்லிய பகுதி உடம்பின் நடுவுக்கு நேராக வராது. படத்தின் ஒரு பக்கம் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான கரகரப்பு, கூடும், எண்களும் லேசாகச் சரியும். கேலிபரேஷன் பிசகாமல் இருந்தும் இப்படி வரும். இயந்திரத்துக்கும் ஒரு மையச் சோதனை உண்டு: கணக்கு எதை மையம் என்று நினைக்கிறதோ, சட்டம் உண்மையில் அதைச் சுற்றித்தான் சுழல்கிறதா என்று மெல்லிய கம்பி ஒன்றை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். புள்ளியாகத் தெரிய வேண்டிய கம்பி பரந்தோ இரட்டையாகவோ தெரிந்தால் மையம் விலகியிருக்கிறது.

கேலிபரேஷன் கைகொடுக்காத இடங்கள்

எல்லா ஆர்ட்டிஃபாக்டுக்கும் இதுவே மருந்து என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நோயாளி ஸ்கேனின்போது அசைந்தால், ஒரு கோணத்தில் எடுத்த அளவு மறு கோணத்தோடு பொருந்தாது. இரட்டை விளிம்பும் கோடுகளும் வரும். பல்லில் அடைத்த உலோகம், இடுப்பில் பொருத்திய செயற்கை மூட்டு இவை எக்ஸ்ரேயை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடுவதால், அந்த வழியில் டிடெக்டருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. வராத தகவலைத் திருத்த முடியாது. உலோகத்துக்கென்று தனி மென்பொருள் இருக்கிறது. அது செய்வது பெரும்பாலும் விடுபட்ட அளவுகளை அக்கம்பக்கத்து அளவுகளை வைத்து ஊகித்து நிரப்புவது. உதவும், ஆனால் உலோகத்தை ஒட்டிய இடத்தில் அது காட்டுவதை அப்படியே நம்பக் கூடாது.

உருவத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். மையத்தைச் சுற்றிய வட்டம் என்றால் டிடெக்டர், காற்றுக் கேலிபரேஷன். ஓரத்துக்கும் நடுவுக்கும் சீரான சரிவு என்றால் தண்ணீர்த் திருத்தம். ஒரு பொருளிலிருந்து கிளம்பி விரியும் கோடுகள் என்றால் பெரும்பாலும் உலோகம் அல்லது அசைவு.

மற்ற ஸ்கேனர்களில்

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே இல்லை, பிரச்சினையும் வேறு. அங்கே காந்தப்புலம் சீராக இருக்க வேண்டும். 1.5 டெஸ்லா புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நொடிக்குச் சுமார் 6 கோடியே 39 லட்சம் தடவை என்ற அதிர்வெண்ணில் இயங்குகின்றன. கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜனுக்கும் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசம் பத்து லட்சத்தில் 3.5 பங்குதான், அதாவது ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸ். கொழுப்பை மட்டும் மறைத்துப் படமெடுக்கும் முறை இந்த நூலிழை வித்தியாசத்தை நம்பித்தான் இருக்கிறது. புலம் அதைவிட அதிகமாக மேடுபள்ளமாக இருந்தால், ஓரிடத்தில் கொழுப்பு மறையாமல் நிற்கும், வேறோர் இடத்தில் தண்ணீர் மறைந்துபோகும். அதனால் சிறு மின்சுருள்களில் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் புலத்தைச் சமன்படுத்துகிறார்கள். இதற்கு ஷிம்மிங் என்று பெயர். நோயாளியின் உடம்பே புலத்தைக் கொஞ்சம் கலைப்பதால், இதை ஒரு தடவை செய்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது, ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டும். ஆனால் அறைக்கதவு சரியாக மூடாமல் வெளியிலிருந்து ரேடியோ அலை புகுந்து படத்தில் கோடு விழுந்தால், எந்த ஷிம்மிங்கும் உதவாது. கதவைத்தான் மூட வேண்டும்.

உடம்பில் ஏற்றிய கதிரியக்க மருந்து எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில், ஜெர்மேனியம்-68 போன்ற நீண்ட ஆயுள் கொண்ட கதிரியக்கப் பொருளை வைத்து டிடெக்டர்களைத் தினமும் சோதிக்கிறார்கள். அதில் கடிகாரமும் கேலிபரேஷனில் சேர்த்திதான். மருந்தில் இருக்கும் கதிரியக்க ஃப்ளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகக் குறைவதால், மருந்தை அளந்த அறையின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் 10 நிமிடம் முன்பின்னாக இருந்தாலே முடிவு 6 சதவீதம் பிசகும். டிஜிட்டல் எக்ஸ்ரே தட்டுகளுக்கு, காற்றுக் கேலிபரேஷன் போலவே, எதுவும் வைக்காமல் ஒரு சீரான படம் எடுத்து, செத்துப்போன புள்ளிகளையும் குறித்துக்கொள்வார்கள். அல்ட்ராசவுண்டில் கையில் பிடிக்கும் கருவியின் சில துணுக்குகள் செயலிழந்தால் மேலிருந்து கீழாக ஒரு நிழல் விழும். அதைத் திருத்துவதற்கில்லை, கருவியைத்தான் மாற்ற வேண்டும்.

வளையம் வந்துவிட்டால்

மறுபடி சி.டி.க்கு வருவோம். வேலைக்கு நடுவே வளையம் தென்பட்டால், உடனே கேலிபரேஷன் பொத்தானை அமுக்கத் தோன்றும். அதற்கு முன் ஜன்னலை முழுச் சுற்றும் ஈரத்துணியால் துடைத்து உலர விட வேண்டும். பிறகு குழாய் போதிய சூட்டில் இருக்கிறதா என்று பார்த்து, கேன்ட்ரி காலி என்று கண்ணால் உறுதி செய்துகொண்டு காற்றுக் கேலிபரேஷன். அது முடிந்ததும் தண்ணீர் ஃபேண்டம். வளையம் போய்விட்டால் எண்களோடு நேரத்தையும் குறித்துவிட்டு வேலையைத் தொடரலாம். அதே விட்டத்தில் மறுபடி வந்தால், அல்லது போய்விட்டுச் சில மணி நேரத்தில் திரும்பினால், அந்த டிடெக்டர் தொகுதியோ அதன் இணைப்போ கெட்டுக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்பக் கேலிபரேட் செய்து மூடி மறைக்காமல் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். வளையத்தின் விட்டத்தை அளந்து சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது, எத்தனையாவது டிடெக்டர் என்று அதிலிருந்தே கணக்கிட்டுவிடுவார். தொகுதியையோ குழாயையோ மாற்றினால் பழைய பட்டியல்கள் எதுவும் செல்லாது. முழுக் கேலிபரேஷனையும் புதிதாகச் செய்து, ஃபேண்டம் எண்கள் வரம்புக்குள் வந்த பிறகுதான் அடுத்த நோயாளியை மேசையில் ஏற்றலாம்.